கூட வந்தவர்

பணிமனையில் அவருக்கு ஊசி என்று பெயர். பேருந்து இருக்கைகளைத் தைக்கிறவர் என்பதால் வந்த பெயர். ஆள் ஒல்லி என்பதும் சேர்ந்துகொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. அது மலைமேல் அவருடைய ஜனங்கள் பேசும் பாஷையில் உள்ள பெயர் என்பதால் கீழே யாருக்கும் வாயில் நுழையவில்லை. நுழைய வைக்க யாரும் மெனக்கெடவும் இல்லை. அவரை நான் 'அவர்' என்று எழுதுவதைப் பார்த்தால் பணிமனையில் சிரிப்பார்கள். அங்கே ஃபோர்மேன் முதல் நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் வரை எல்லோருக்கும் அவர் 'டேய் ஊசி'தான். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். நாற்பது தாண்டிய மனிதரை ஓர் இடத்திலாவது மரியாதையாகச் சொல்ல வேண்டாமா?

இருக்கை கிழிவதற்கு ஊரில் ஒரு குறையும் இல்லை. பிளேடு போட்டுக் கீறுகிறவர்கள், கீறிய இடத்தில் விரலை விட்டு ஃபோமைப் பிய்க்கிறவர்கள், பிய்த்த இடத்தில் டிக்கெட்டைத் திணிக்கிறவர்கள் என்று ஒவ்வொருவரும் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். கிழிந்த இருக்கைகள் பணிமனையின் கடைசிக் கொட்டகைக்கு வந்து கூரை முட்ட அடுக்கப்படும். அவர் பழைய ரெக்ஸினை உரித்து, புதியதை வெட்டி, இழுத்துப் பிடித்து ஸ்டேப்ளர் பின் அடித்து, ஓரங்களை வளைந்த ஊசியால் தைத்து முடிப்பார். இழுத்துப் பிடிக்க ஓர் ஆள், அடிக்க ஓர் ஆள் என்று இரண்டு பேர் பார்க்கவேண்டிய வேலை. இரண்டாவது ஆளைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், முழங்காலால் அழுத்தி, பல்லால் கடித்து இழுத்து, ஒற்றை ஆளாகவே செய்யப் பழகியிருந்தார்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்ல மாட்டார். அவர் பிறந்த இடத்தில் எல்லோரும் அப்படித்தான். கேட்டவரின் சொல் கொஞ்சம் அடங்கட்டும், அதற்கு முன் வாயைத் திறப்பது அவரைப் பிடித்துத் தள்ளுவது மாதிரி என்று நினைப்பவர்கள். கீழே இருப்பவர்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது? இவர் வாயைத் திறப்பதற்குள் அவர்களே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டு போய்விடுவார்கள்.

அவருடைய அம்மா மலையிலிருந்து இறங்கும் வழியிலேயே போய்ச் சேர்ந்தார். மேலே டாக்டரும் கிடையாது, மருந்துக்கடையும் கிடையாது. மழையில் பாதையும் இல்லாமல் போயிருந்தது. உடம்பைக் கீழே ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒருவர் அப்பாவைப் பார்த்துக் கத்தினார். அப்பா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கத்தியவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். அந்தப் பதிலை அப்பா சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

இருபதுகளில் அவர் ஊருக்குள் மூட்டை தூக்க வந்தார். ஓர் அறையில் தனியாக இருந்தார். பேச ஆள் இல்லாத அந்த அறையில் ஒருநாள் யாரோ பேச ஆரம்பித்தார்கள். முதலில் நல்லவிதமாகத்தான் பேசினார்கள். பிறகு திட்டினார்கள். பிறகு தூங்கவிடவில்லை. பயந்துபோய் மலையேறித் தங்கை வீட்டுக்குப் போனார். அங்கேயும் கூடவே வந்தார்கள். அவர் பதிலுக்குக் கத்த, குழந்தைகள் அலற, தங்கை புருஷன் நாலு பேரைக் கூப்பிட்டுக் கையைக் கட்டி ஜீப்பின் பின்னால் போட்டுக் கொண்டுவந்து மனநல ஆஸ்பத்திரியில் விட்டார்.

அங்கே முதல் நாள் கேள்வி கேட்டவரிடமும் அவர் வழக்கப்படி கொஞ்சம் விட்டுத்தான் பதில் சொன்னார். 'கேட்பதற்குச் சரியாகப் பதில் சொல்வதில்லை' என்று ஃபைலில் எழுதினார்கள். மாத்திரை வேலை செய்தது. குரல்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டன. அவர் குணமாகி வெளியே வந்து, வேலை தேடி, தையல் கற்று, பணிமனையில் சேர்ந்து, அன்றிலிருந்து ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிடவில்லை. அவர் குணமாகிவிட்டார், அந்த வரிதான் குணமாகவில்லை. எங்கே போனாலும் அது அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. பேச்சுத் துணைக்கு அந்தக் குரலாவது இருந்ததே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருக்குத் தோன்றியது. தோன்றியதும் பயந்துபோய்த் தன்னையே திட்டிக்கொண்டு வெளியே நடக்கக் கிளம்பினார்.

தங்கை வீட்டுக்குப் பிறகு ஒரே ஒரு தடவை போனார். அவரைக் கூடத்தில் படுக்க வைத்துவிட்டு, உள்ளே தங்கை புருஷன் கதவுக்குத் தாழ் போடும் சத்தம் கேட்டது. பிறகு போகவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த மனிதருக்குத்தான் தொண்டையில் ஏதோ அடைக்க ஆரம்பித்தது. ஒரு கவளம் உள்ளே போக ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டியிருந்தது. அப்புறம் தண்ணீர் குடித்தாலும் இறங்கவில்லை. மதியம் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டு, இருக்கை அடுக்குக்குப் பின்னால் போய், பன்னைப் பாலில் ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினார். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. இருக்கைக்கு வைக்கும் நாடா ஒன்றை வெட்டிக் கட்டிக்கொண்டார்.

"ஊசி நூலாயிட்டான்டா" என்று பணிமனையே சிரித்தது. நல்ல நகைச்சுவைதான். அவரும் சிரித்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் திரையில் வந்த பழைய விவரத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

"மாத்திரையை நிறுத்திட்டியா?" என்று உரக்க, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். மலையிலிருந்து வந்தவர்களுக்குக் காது கேட்காது என்று யாரோ இவர்களுக்கெல்லாம் பாடம் நடத்தியிருக்க வேண்டும்.

"இல்ல சார். சாப்பிடுறேன். தொண்டையிலதான்…"

"தொண்டையில ஒண்ணுமில்ல. பயம். மனசுலதான் அடைப்பு. போ."

இரண்டாவது தடவை போனபோது, "உங்க ஆளுங்க உடம்பெல்லாம் கல்லு மாதிரி, ஒண்ணும் ஆகாது" என்று தட்டிக் கொடுத்து அனுப்பினார். மூன்றாவது தடவை பக்கத்தில் நின்ற மாணவியைப் பார்த்து, "மனப்பிரச்சினைதான். எதுக்கும் குழாய் விட்டு ஒரு தடவை பார்த்துடலாம்" என்று சீட்டு எழுதினார். யாரைப் பார்த்துச் சொன்னால் என்ன, சீட்டு கிடைத்ததே என்று அவர் அதைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

குழாய் சோதனை அறையின் கவுன்ட்டரில் இருந்த நர்ஸ், சீட்டோடு சேர்ந்து வந்த ஃபைலைப் புரட்டினார். "கூட யாரு?"

அவர் வாயைத் திறப்பதற்குள் நர்ஸே தொடர்ந்தார்.

"மயக்க மருந்து கொடுப்போம்பா. கூட ஒரு ஆள் வந்து கையெழுத்துப் போட்டு, முடிஞ்சதும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். தனியா வந்தா எடுக்க மாட்டோம். போய்ட்டு ஆளோட வா."

சட்டம் தப்பில்லை. அரை மயக்கத்தில் ரோட்டைக் கடக்கப்போய் அடிபட்டால் யார் பதில் சொல்வது? ஆனால் எல்லோருக்கும் கூட வர ஒருவர் இருப்பார் என்று நம்புகிறவர் போட்ட சட்டம் அது. அதை எழுதியவருக்கு நிச்சயம் பெரிய குடும்பம்.

அவர் ஃபோர்மேனிடம் கேட்டார். "நான் எப்படிடா வர்றது? காலையில வண்டியெல்லாம் வெளிய போகணுமே" என்றார் ஃபோர்மேன். பிறகு நிஜமாகவே ஆச்சரியப்பட்டு, "ஏன்டா, உனக்குன்னு ஒரு ஆள்கூடவா இல்ல?" என்று கேட்டார். கேட்டபின் அவருக்கே சங்கடமாகி ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

தங்கையிடம் ஃபோனில் சொன்னார். "நான் வரேண்ணா. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்றாள். மறுநாள் ஃபோனை எடுத்தது அந்த 'அவர்'.

"மொதல்ல நீ மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறியா?" என்று ஆரம்பித்தார். அதற்குமேல் அந்தப் பேச்சு நகரவில்லை.

நம்மைப் பார்த்து மனம் இரங்கினாலும் இரங்குவார்கள் என்று மறுபடி தனியாகவே போனார். நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஃபைலை மூடிக் கையில் கொடுத்தார். அவர் எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எழுந்து போக மனசில்லை. போனால் அந்த அறை, விட்டால் கொட்டகை. இரண்டு இடத்திலும் அவரிடம் என்ன ஆயிற்று என்று கேட்க ஒரு ஜீவன் கிடையாது. இந்த அடைப்பு என்னவென்று தெரியாமலே தான் காய்ந்து போய்விடப் போகிறோம் என்று அன்றைக்குத்தான் அவருக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

"உங்களையும் திருப்பி அனுப்பிட்டாங்களா?"

பக்கத்தில் ஓர் அம்மா. பெரிய ஆபீஸ் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குகிறவர் என்பது பிறகு தெரிந்தது. நாள் முழுக்க ஊரையே ஏற்றி இறக்குகிற வேலை. கதவு திறக்கிறவரை காத்திருந்து பழகியவர் என்பதாலோ என்னவோ, அவர் பதில் சொல்கிறவரை அந்த அம்மா சும்மா இருந்தார்.

"ஆமாம்மா. கூட ஆள் இல்ல."

"எனக்கும் இல்ல. பையன் இருக்கான், பேருக்கு. ஃபோனை எடுத்தாத்தானே அவன் இருக்கிறது தெரியும்!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் குனிந்து நிமிர்ந்தார். "ஒண்ணு செய்வோமா? இன்னிக்கு நீங்க எனக்கு அண்ணன். நாளைக்கு நான் உங்களுக்குத் தங்கச்சி. ஆளுக்கு ஒரு கையெழுத்து. என்ன சொல்றீங்க?"

அவர் வெகுநேரம் யோசித்தார். "நான் மனசு சரியில்லாம ஆஸ்பத்திரியில இருந்தவன்மா. இப்பவும் மாத்திரை சாப்பிடுறேன்."

"சரி. ரெண்டு மணி நேரம் ஒரு இடத்துல உட்கார்ந்திருக்க வருமா வராதா?"

"வரும்."

"அப்புறம் என்ன? எழுந்திரிங்க அண்ணா."

தன் ஃபைலைச் சுருட்டி இடுப்பில் செருகிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் கவுன்ட்டருக்குப் போனார். அதே நர்ஸ்தான். கொஞ்ச நேரம் முன்னால் திருப்பி அனுப்பிய ஆள் என்று கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தார். கண்டுபிடிக்க முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! நர்ஸ் அவரை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"நீங்க அண்ணனா? இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க சார்."

சார் என்றதும் அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை.

லிஃப்ட் அம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். அவர் அந்த அம்மாவின் பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு வந்தவர் அவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்த அதே டாக்டர். மூன்று தடவையும் முகத்தைப் பார்க்காதவருக்கு இவரை அடையாளம் தெரியவில்லை.

"இந்தம்மாவோட வந்தது யாரு? நீங்களா? வாங்க, உட்காருங்க." குரல் சாதாரணமாக இருந்தது. ஒரு மனிதரிடம் இன்னொரு மனிதர் பேசுகிற குரல். "வயித்துல புண்ணு. ரத்தம் கசிஞ்சிருக்கு. நல்லவேளை இன்னிக்கே பார்த்தோம், விட்டிருந்தா சிக்கலாகியிருக்கும். வார்டுல சேர்த்துடறோம். சரியாயிடுவாங்க, பயப்படாதீங்க. வேற ஏதாவது கேட்கணுமா?"

அவர் வழக்கம்போல் கொஞ்சம் விட்டார். டாக்டர் காத்திருந்தார். "அவசரமில்ல. நிதானமா யோசிச்சுக் கேளுங்க. எல்லாரும் உங்களை மாதிரி பொறுமையா பேசினா எங்க வேலை பாதி குறையும்" என்று சிரித்தார்.

இருபது வருஷமாக நோயாக இருந்த ஒன்று, அந்த பெஞ்சில் உட்கார்ந்ததும் நல்ல குணமாகிவிட்டது. அவருக்குத் தன் தொண்டையைப் பற்றிக் கேட்டுவிடத் தோன்றியது. எனக்குத்தான் சார் என்று சொல்லலாம். சொன்னால் டாக்டரின் கண் கீழே இறங்கி ஃபைலைத் தேடும். அது அவருக்குத் தெரியும்.

"என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு சார்" என்றார். "மச்சானுக்கு. சாப்பாடு இறங்க மாட்டேங்குது."

இத்தனை வருஷத்தில் அந்த மச்சானுக்கு அவர் கொடுத்த ஒரே சீர் அந்த வியாதிதான். கொடுப்பதில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

டாக்டர் முன்னால் சாய்ந்தார். கெட்டியானது மட்டும் அடைக்கிறதா, தண்ணீருமா? எத்தனை மாசமாக? உடம்பு இளைத்திருக்கிறாரா? ராத்திரி இருமுகிறாரா? அவர் ஒவ்வொன்றுக்கும் நின்று நிதானித்துப் பதில் சொன்னார். சொல்லச் சொல்ல டாக்டரின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"இவ்வளவு நாளா எந்த டாக்டருமா இதைக் கவனிக்கல? யாருகிட்ட காட்டினார்?"

"ஞாபகம் இல்ல சார்."

"பயம், மனசுன்னு ஏதாவது சொல்லி அனுப்பியிருப்பாங்க. நாளைக்கே கூட்டிட்டு வாங்க. நான் பார்க்கிறேன். இது தள்ளிப்போடற விஷயமில்ல. நீங்களே கூட வாங்க."

அன்றைக்குச் சாயங்காலம் அவர் பேருந்தில் ஏறவில்லை. நடந்தே போனார். பயம் ஒரு பக்கம். தள்ளிப்போடற விஷயமில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் மனசு லேசாக இருந்ததை மறைத்து என்ன செய்ய? ஒருவர் அவர் சொன்னதை முழுக்கக் காது கொடுத்துக் கேட்டிருந்தார்.

மறுநாள் முதலில் வார்டுக்குப் போனார். லிஃப்ட் அம்மா கையில் ஊசி குத்தி, பாட்டில் தொங்கப் படுத்திருந்தார். அவரைப் பார்த்ததும் எழுந்துகொள்ளப் பார்த்து முடியாமல் படுத்தார்.

"பாத்ரூமுக்குக்கூட விட மாட்டேங்கறாங்க அண்ணா. நான் வார்த்தை கொடுத்தேனே." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அதுக்கென்னம்மா. நான் பார்த்துக்கிறேன்" என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தெரியாது. டாக்டரே வரச் சொல்லியிருக்கிறார், உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று வராந்தாவில் நடக்கும்போது முடிவு செய்தார். அவருக்குப் பொய் அவ்வளவு தூரம் வராது.

கவுன்ட்டரில் ஃபைலை வைத்தார். நர்ஸ் நிமிராமலே பிரித்துப் படித்துவிட்டு, "கூட யாரு?" என்றார்.

"வர்றதா இருந்த தங்கச்சி வார்டுல இருக்காங்க சிஸ்டர். அவங்க தங்கச்சி இல்ல. நேத்து டாக்டர் என் மச்சானைக் கூட்டிட்டு வரச் சொன்னார். அந்த மச்சான் நான்தான். கூட்டிட்டு வரச் சொன்ன ஆளும் நான்தான். ரெண்டு பேரும் வந்திருக்கோம்."

சொல்லி முடித்தபோதே அவருக்குத் தன் காதில் அது எப்படி விழுகிறது என்று தெரிந்துவிட்டது. அத்தனையும் உண்மை. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நர்ஸின் கண் ஃபைலின் முதல் பக்கத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. குரல் பஞ்சு மாதிரி மென்மையாகிவிட்டது. அந்த மென்மை அவருக்கு நன்றாகப் பழக்கம். கையைக் கட்டுவதற்கு முன்னால் வருகிற மென்மை அது.

"சரிப்பா, சரி. ரெண்டு பேரும் வந்திருக்கீங்க. மாத்திரை எப்போ நிறுத்தினே? ஒண்ணும் பயப்படாதே. நேரா போய் எதிர்க் கட்டடத்துல மனநலப் பிரிவுல இதைக் காட்டு. அங்க நல்லா பார்ப்பாங்க. அப்புறமா இதெல்லாம் எடுக்கலாம்." ஒரு சீட்டையும் எழுதி ஃபைல்மேல் வைத்தார். கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த உதவியை மனசாரத்தான் செய்தார்.

அவர் எதிர்க் கட்டடத்தின் படிவரை போனார். அங்கே என்ன கேட்பார்கள், என்ன எழுதுவார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். மாத்திரை ஒன்று கூடும். தூக்கம் கூடும். அதுவும் இதே தொண்டை வழியாகத்தான் இறங்க வேண்டும். படியேறாமல் திரும்பி வந்து, பழைய பெஞ்சிலேயே, நோயாளிகளோடு வந்தவர்கள் உட்கார்ந்திருந்த பக்கமாக உட்கார்ந்தார். ஒரு கிழவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

உள்ளிருந்து கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்த டாக்டர் அவரைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. நேராக வந்து, கிழவர் எழுந்துபோன இடத்தில் தோளோடு தோள் உரச உட்கார்ந்தார். அவர் ஃபைலைத் தொடைக்கு அடியில் தள்ளிக்கொண்டார்.

"வந்துட்டீங்களா? காலையிலேர்ந்து உங்களைத்தான் பார்த்துட்டிருந்தேன். மச்சான் எங்க?"

அவர் கொஞ்சம் விட்டார். டாக்டர் காத்திருந்தார். இன்னும் பத்து வருஷமாவது உயிரோடு இருக்க அவருக்கு ஆசை இருந்தது. நான்தான் சார் என்று ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல் என்னவாகும் என்று இப்போதுதான் கவுன்ட்டரில் பார்த்துவிட்டு வந்திருந்தார். அதுவாவது பரவாயில்லை. இந்த மனிதர் எழுந்து தள்ளி நின்று, உரக்க, ஒவ்வொரு சொல்லாகப் பேச ஆரம்பிப்பாரே, அதை இன்றைக்குத் தாங்க முடியாது என்று தோன்றியது. அவர் பக்கத்தில் இவ்வளவு நெருக்கமாக ஒருவர் உட்கார்ந்து எத்தனையோ காலமாயிற்று.

"வரலை சார்" என்றார்.

"ஏன்?"

"கூட வர ஆள் இல்லையாம்."

"என்னங்க இது, அதான் நீங்க இருக்கீங்களே?"

"ஆமாம் சார். நான் இருக்கேன்."

"அப்புறம் என்ன? எப்படியாவது கூட்டிட்டு வந்துடுங்க. இவங்கெல்லாம் இப்படித்தான், விட்டு விட்டுக் கடைசியில வந்து நிப்பாங்க. நாங்க என்ன செய்ய முடியும்? நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேட்பார்."

"சொல்றேன் சார்" என்றார் ஊசி.